புரட்டிப் படுக்கவைத்த கைகள்: படுக்கைப்புண்ணும் தாதியர் வரலாறும்

வைத்திய வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் வைத்தியர்களின் வரலாற்றையே எழுதினர். மருந்தைக் கண்டுபிடித்தவர், சத்திரசிகிச்சையை முதலில் செய்தவர், கிருமியை அடையாளம் கண்டவர் என்று அப்பட்டியல் நீளும். நோயாளியின் கட்டிலருகே இரவு முழுவதும் விழித்திருந்தவருக்கு அதில் இடம் குறைவு. திருக்குறளின் மருந்து அதிகாரத்துக் கடைசிக் குறள் இவ்விடயத்தில் நீதியாக நடந்துகொண்டது. நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து பணிபுரிபவன் என்று மருத்துவத்தை நான்காக வகுத்து, நாலாமவரையும் மற்ற மூவரோடு சம வரிசையில் வைத்தது. அந்த நாலாமவர் முன்னின்று வழிகாட்டிய ஒரு துறையைப் பற்றியே இக்கட்டுரையில் எழுத விரும்புகிறேன். படுக்கைப்புண்ணைத் தடுப்பதும், ஆறாத புண்ணைப் பராமரிப்பதுமே அத்துறை.

படுக்கைப்புண் உண்டாகும் விதம் எளிமையானது. அசைய முடியாமல் கிடக்கும் உடலின் பாரம், எலும்பு துருத்திநிற்கும் இடங்களில் தோலையும் தசையையும் நசுக்குகிறது. நாரியின் அடிப்பகுதி, இடுப்பெலும்பு, குதிகால், முழங்கை, பிடரி என்பன அவ்விடங்கள். நசுங்கிய இடத்தில் மயிர்த்துளைக் குழாய்களின் இரத்தவோட்டம் தடைப்படும். நேரம் செல்லச் செல்லத் தசை செத்துப்போகும். சுகதேகி ஒருவர் உறக்கத்திலும் தம்மையறியாமல் புரண்டுகொள்கிறார்; பாரிசவாதத்தில் விழுந்தவருக்கும் முள்ளந்தண்டு முறிந்தவருக்கும் அந்தப் புரளல் இல்லை. பெரும்பாலும் சேதம் ஆழத்தில், எலும்பை ஒட்டிய தசையில் தொடங்கிவிடும். மேலே சிறு நிறமாற்றம் தெரியும்போது உள்ளே பெரிய பள்ளம் உருவாகியிருக்கக்கூடும். புண் எலும்புவரை சென்று, கிருமி இரத்தத்தில் கலந்தால் அது உயிரையே கொண்டுபோய்விடும்.

ஐரோப்பாவில் இதைப் பற்றிய பழைய பதிவுகளுள் ஒன்று பிரெஞ்சு இரண வைத்தியர் அம்புறுவாஸ் பாரேயினுடையது. நாவிதர் தொழிலிலிருந்து வந்த இவர், 1569 இல் துப்பாக்கிக் காயத்தோடு மாதக்கணக்காகப் படுக்கையில் கிடந்த பிரபு ஒருவரைப் பார்க்கப் போனார். நோயாளியின் பிட்டத்தில் புண் விழுந்திருந்தது. பாரே மருந்து மட்டும் கொடுத்துவிட்டு வரவில்லை. வேறு கட்டிலை ஏற்பாடு செய்து, புண்ணில் பாரம் படாதபடி சிறிய தலையணை வைத்துப் படுக்கவைத்தார். இன்றைய பாடநூல்கள் சொல்வதன் சாரம் அந்தத் தலையணையில் அன்றே இருந்தது.

ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அறிவியல் ஓரிடத்தில் வழி தவறியது. பாரிஸ் நகரின் புகழ்பெற்ற நரம்பியல் வைத்தியர் ஷார்க்கோ, நரம்பு பாதிக்கப்பட்டவுடன் தோல் தானாகவே அழுகுகிறது, அதைத் தடுக்க வழியில்லை என்ற கருத்தை முன்வைத்தார். அவருக்கு முன்னரே, 1850களில், பிறவுண்-செக்கார் என்ற ஆய்வாளர் முள்ளந்தண்டு துண்டிக்கப்பட்ட விலங்குகளில் அழுத்தத்தைத் தவிர்த்தால் புண் வருவதில்லை என்று கண்டிருந்தார். ஆயினும் ஷார்க்கோவின் பெயர் பெரியது. அவரது கருத்தே நிலைத்தது. தடுக்க முடியாது என்று ஒரு பெரிய மனிதர் சொல்லிவிட்டால், தடுக்க முயல்பவரின் உழைப்பு வீண்வேலையாகிவிடும்.

இதற்கு நேர்மாறான குரல் இங்கிலாந்திலிருந்து எழுந்தது. கிரிமியப் போரிலிருந்து திரும்பிய புளோரன்ஸ் நைற்றிங்கேல், 1859 இல் எழுதிய தாதிமை பற்றிய சிறுநூலில், படுக்கைப்புண் வந்தால் பழி பொதுவாக நோயைச் சாராது, பராமரிப்பையே சாரும் என்ற கருத்தை வெளியிட்டார். இது தாதியர்மீது சுமத்தப்பட்ட குற்றச்சாட்டாகத் தோன்றலாம். உண்மையில் அது ஓர் உரிமைக்கோரல் என்பது எனது எண்ணம். புண் வருவது எமது தவறு என்றால், வராமல் தடுப்பது எமது அறிவு; அந்த அறிவுக்குரிய அதிகாரமும் எமக்கு வேண்டும் என்பது அதன் மறுபக்கம். பழி உடனே வந்து சேர்ந்தது. அதிகாரம் வந்து சேர ஒரு நூற்றாண்டு எடுத்தது.

இவ்விடத்தில் எமது நாட்டு வரலாறு ஒன்றையும் நினைவுகூரலாம். 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மேலைத்தேய வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தவர். அவரது முயற்சியில் 1867 இல் ‘இரண வைத்தியம்’ என்ற பெருநூல் தமிழில் வெளியாயிற்று. நைற்றிங்கேலின் நூல் வெளிவந்து எட்டே ஆண்டுகளில், புண்ணைப் பற்றி நவீன அறிவு பேசும் நூலொன்று எமது மொழியில் இருந்தது என்பது பெருமைக்குரியது. ஆனால் அது வைத்தியராகப் படித்தவர்களுக்கான நூல். கட்டிலருகே இருந்தவருக்கு அவ்வாறான நூலும் கல்லூரியும் பின்னரே கிடைத்தன. வேலூரில் ஐடா ஸ்கடர் 1909 இல் தாதியர் பாடசாலையைத் தொடங்கினார். 1946 இல் அங்கு தாதியத்தில் இளமாணிப் பட்டப்படிப்பு ஆரம்பமாயிற்று. கொழும்பில் தாதியர் பாடசாலை 1939 இல் உருவானது. இலங்கைத் தாதியருக்கான பட்டப்படிப்பைத் திறந்த பல்கலைக்கழகம் தொடங்கியபோது 1994 ஆகிவிட்டது.

புண் பராமரிப்பின் போக்கை மாற்றியவை இரண்டாம் உலகப் போரும் அதற்குப் பிந்திய முதுமையும். முதலாம் உலகப் போரில் முள்ளந்தண்டில் காயமுற்ற சிப்பாய்களுள் பெரும்பாலானோர் படுக்கைப்புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் மாண்டனர். நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பிவந்த யூத வைத்தியர் லுட்விக் குட்மன், 1944 பெப்ரவரியில் இங்கிலாந்தின் ஸ்டோக் மன்டவில் ஆஸ்பத்திரியில் முள்ளந்தண்டு நோயாளிகளுக்கான பிரிவைத் திறந்தார். அவரது முதல் கட்டளை, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு நோயாளியையும் புரட்ட வேண்டும் என்பது. இரவிலும் அதற்கு விலக்கில்லை. ஷார்க்கோவின் கருத்து அந்த வாட்டில் முற்றாகத் தோற்றது. சாகக் கிடந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தனர். 1948 இல் அவர்களுள் சிலர் வில்வித்தைப் போட்டியில் கலந்துகொண்டனர். இன்றைய பராலிம்பிக் விளையாட்டுகளின் தொடக்கம் அதுவே. சிறப்பு மருந்து எதுவும் இந்த மாற்றத்தைத் தனியே கொண்டுவரவில்லை. இரவுக் கடமையில் இருந்தோரின் கைகள் கொண்டுவந்தன.

1962 ஆம் ஆண்டு இத்துறையில் ஒரு திருப்புமுனை. லண்டன் ஆஸ்பத்திரியொன்றில் முதியோரைப் பராமரித்த தாதி டொரீன் நோர்ட்டன், ரோடா மக்லாறன் என்பவருடனும் எக்ஸ்டன்-சிமித் என்ற வைத்தியருடனும் சேர்ந்து தமது ஆய்வை வெளியிட்டார். எந்த நோயாளிக்குப் புண் வரும் என்பதை முன்கூட்டியே கணிக்கும் அளவுகோல் அதில் இருந்தது. உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், அசைவு, மலசலக் கட்டுப்பாடு ஆகிய ஐந்துக்கும் ஒன்று முதல் நான்கு வரை புள்ளி இடப்படும். கூட்டுத்தொகை 20 இல் 14 அல்லது அதற்குக் கீழ் வந்தால் ஆபத்து. எந்தக் கருவியும் தேவையில்லை. கடதாசியும் பென்சிலும் போதும். அதே 1962 இல் ஜோர்ஜ் வின்ரர் என்பவர், புண்ணைக் காயவிடுவதைவிட ஈரப்பதத்துடன் மூடிவைத்தாலே விரைவாகத் தோல் வளர்கிறது என்று பன்றிகளில் காட்டினார். புண்ணுக்குக் காற்றுப்பட வேண்டும் என்ற பழைய நம்பிக்கை அன்று ஆட்டம் கண்டது.

நோர்ட்டன் திறந்த வழியில் பிற தாதியரும் வந்தனர். இங்கிலாந்தின் ஜூடி வாட்டர்லோ 1985 இல் தமது அளவுகோலை வெளியிட்டார். அமெரிக்கத் தாதியரான பார்பரா பிரேடனும் நான்சி பேர்க்ஸ்ட்ரொமும் 1987 இல் வெளியிட்ட அளவுகோல் இன்று உலகெங்கும் வழங்குகிறது. அதில் போசாக்கும், தோலின் ஈரமும், படுக்கையில் உராய்ந்து இழுபடுவதும் சேர்க்கப்பட்டன. இன்னொரு கிளை நோயாளிகளிடமிருந்தே பிறந்தது. அமெரிக்காவின் ஒஹாயோவைச் சேர்ந்த நோர்மா கில், குடல் நோயால் வயிற்றில் துவாரமிட்டு வாழ நேர்ந்த ஒரு பெண்மணி. 1958 இல் அவருடைய சத்திரசிகிச்சை வைத்தியர் ரூப்பேர்ட் டேர்ண்புல், தம்மைப்போன்ற நோயாளிகளுக்கு உதவ அவரையே கிளீவ்லாந்து கிளினிக்கில் வேலைக்கு அமர்த்தினார். 1961 இல் அங்கு பயிற்சிநெறி தொடங்கியது. துவாரத்தைச் சுற்றிய தோலைக் காக்கக் கற்றவர்கள், பின்னர் எல்லா வகைப் புண்களையும் பராமரிக்கும் விசேட தாதியராக வளர்ந்தனர். 1978 இல் அவர்களுக்கான உலக அமைப்பு உருவானபோது அதன் முதல் தலைவர் நோர்மா கில்லே.

தெற்காசியாவின் பங்கும் சிறிதன்று. ஆனால் அது வேறு வாசலால் வந்தது. அவ்வாசலின் பெயர் தொழுநோய். 1946 இல் வேலூர் வந்த போல் பிராண்ட், தொழுநோயாளியின் பாதம் நோயால் அழுகுவதில்லை, வலி தெரியாததால் திரும்பத் திரும்ப அழுத்தப்பட்டே புண்ணாகிறது என்பதை நிறுவினார். பாதத்தோடு ஒட்டிப் பொருந்தும் பரிஸ் சாந்துக் கட்டைப் போட்டு, பாரத்தைப் பாதம் முழுவதும் பரவச்செய்யும் முறையையும் அவர் கையாண்டார். அம்முறையை 1930களிலேயே செய்துபார்த்தவர்களாக மருத்துவ எழுத்துக்களில் குறிப்பிடப்படுவோருள் இலங்கையின் சத்திரசிகிச்சைப் பேராசிரியர் மில்ரோய் போலும் ஒருவர். நீரிழிவுப் பாதப்புண்ணுக்கு மேல்நாடுகளில் இன்று செய்யப்படும் சிகிச்சையின் வேர் இந்தப் பகுதியில் இருக்கிறது. வேலூரில் 1954 இல் வீதி விபத்தில் இடுப்புக்குக் கீழ் உணர்விழந்த டொக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்குச் சத்திரசிகிச்சை செய்தார். பின்னர் அங்கு புனர்வாழ்வுத் துறையைக் கட்டியெழுப்பினார். தம் உடலே பாடநூலாக அமைந்த வைத்தியர் அவர்.

இனி எமது கரைக்கு வருகிறேன். அம்பாறைக் கரையோரத்தில் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று தெற்கே வந்து, தம்பிலுவில் தாண்டினால் திருக்கோவிலும் வினாயகபுரமும். தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறிமாறி வரும் கரை அது. 2002 போர்நிறுத்தத்துக்குப் பின் பாதைகள் திறந்திருந்த காலத்தில், 2003 இல், செய்திக் கட்டுரையொன்றுக்காக இக்கரையில் சில நாட்கள் அலைந்தேன். வினாயகபுரத்தில் ஒரு வீட்டுக்குப் போனேன். தென்னை மரத்திலிருந்து விழுந்து இடுப்பின்கீழ் அசைவற்றுப்போன ஒருவர் நான்காவது ஆண்டாகப் படுத்திருந்தார். அவருடைய முதுகில் புண் இல்லை. போர் நடந்த நாட்டில், மின்சாரம் இல்லாத அந்த வீட்டில், அது எப்படிச் சாத்தியம் என்று எனக்கு வியப்பு.

சுவரைக் காட்டினார் மனைவி. கரியால் கோடுகள் இழுத்து, இடம், மல்லாக்க, வலம் என்று எழுதியிருந்தது. பள்ளிக்கூடம் போகும் மகளுக்கும் அதில் முறை இருந்தது. முழங்காலின் கீழே இலவம்பஞ்சுத் தலையணை வைத்துக் குதிகால்கள் படுக்கையில் படாமல் உயர்த்தப்பட்டிருந்தன. இழுக்காமல் தூக்கிப் புரட்டுவதற்காகப் பழைய சாரமொன்று மடித்து இடுப்பின்கீழ் போடப்பட்டிருந்தது. இதையெல்லாம் கற்றுக்கொடுத்தவர் அக்கரைப்பற்றைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தாதி ஒருவர். மாதம் ஒருமுறை பஸ் ஏறி வருவாராம்.

அவரையும் சென்று சந்தித்தேன். பெயரை எழுத வேண்டாம் என்றார். “மருந்தக் கேட்டுத்தான் எல்லாரும் வருவாங்க மகன். புரட்டுறதுக்கு ஆள் இருக்கா எண்டு நான் கேப்பன். ஆளில்லாட்டி மருந்து எதுக்கு?” என்றார். வினாயகபுரத்துப் பெண் சொன்னதும் நினைவிருக்கிறது. “மிஸி எனக்கு ஏசினவ. நாலு இடத்தில கையை வெச்சுப் பாக்கச் சொன்னவ. கறுத்த தோலில சிவப்புத் தெரியாது புள்ள, சூட்டப் பாரு எண்டு சொன்னவ.”

அந்தக் கடைசி வாக்கியம் சாதாரணமானதன்று. அழுத்தினாலும் மறையாத சிவப்பே முதல் அறிகுறி என்று மேலைத்தேய நூல்கள் நெடுங்காலம் எழுதின. வெள்ளைத் தோலுக்கு அது பொருந்தும். எங்களைப்போன்ற கருநிறத்தாருக்குச் சூடு, குளிர், இறுக்கம், நோவு என்பவற்றைத் தொட்டுப் பார்த்தே அறிய வேண்டும். சர்வதேச வழிகாட்டிகள் இன்று இதை வற்புறுத்துகின்றன. அக்கரைப்பற்றுத் தாதி தமது கைகளாலேயே அதை அறிந்திருந்தார்.

பழைய முறைகள் சிலவற்றை இன்றைய அறிவு கைவிட்டுவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். சிவந்த இடத்தை ஸ்பிரிட்டும் பவுடரும் போட்டு அழுத்தித் தேய்ப்பது முன்னர் வாட்டுகளில் கடமையாகவே இருந்தது; நசுங்கிய தசையை அது மேலும் சிதைக்கும். நடுவே ஓட்டையுள்ள றப்பர் வளையத்தின்மேல் உட்காரவைப்பது, வளையத்தின் விளிம்பில் இரத்தவோட்டத்தைத் தடுக்கும். கையுறையில் நீர் நிரப்பிக் குதிகாலின்கீழ் வைப்பதும் பயனற்றது. காலுக்குக் கீழே தலையணை வைத்துக் குதிகாலை அந்தரத்தில் விடுவதே முறை. ஒரு பக்கமாகப் படுக்கவைக்கும்போது இடுப்பெலும்பின்மேல் நேராகச் சரிக்காமல் ஏறத்தாழ 30 பாகை சாய்த்தால் போதும். எத்தனை மணித்தியாலத்துக்கு ஒருமுறை என்பதையும் நோயாளியின் நிலை, மெத்தையின் தன்மை ஆகியவற்றைப் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும் என்கின்றனர். அந்த முடிவை எடுக்கத் தெரிந்தவரே புண் பராமரிப்பில் தேர்ந்த தாதி. எந்தப் புண்ணுக்கு எந்தக் கட்டு, செத்த தசையை எப்போது அகற்றுவது, எப்போது வைத்தியரை அழைப்பது, வாட்டில் இம்மாதம் எத்தனை பேருக்குப் புதிதாகப் புண் வந்தது என்று எண்ணி ஏன் வந்தது என்று கேட்பது எல்லாம் அவருடைய பணி.

எமது கரைக்கு இது ஏன் முக்கியம்? மூன்று காரணங்கள் சொல்வேன். முதலாவது, காயங்களின் வரலாறு. மூன்று தசாப்தப் போர் முள்ளந்தண்டு முறிந்த பலரை வடக்கிலும் கிழக்கிலும் விட்டுச்சென்றது. 2004 டிசெம்பர் 26 இல் ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கும் மேல் பலிகொண்டது. தப்பியவர்களின் காயங்களில் சேறும் மணலும் ஏறியிருந்தன. இரண்டாவது, முதுமையும் நீரிழிவும். 2012 குடிசன மதிப்பீட்டிலேயே இலங்கையரில் 12.4 சதவீதத்தினர் 60 வயதைக் கடந்தவர்கள். அதன்பின் அந்த விகிதம் ஏறியே வந்திருக்கிறது.

மூன்றாவது காரணம் எமது குடும்ப அமைப்பு. இக்கரையில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் வீடு மகளுக்கே சீதனமாகப் போகும். தாய்வழிக் குடிமுறை இரு சமூகங்களுக்கும் பொது. அக்கரைப்பற்றில் நெடுங்காலம் ஆய்வுசெய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்றே இதை விரிவாக எழுதியிருக்கிறார். வீடு மகளுக்கு என்றால், அந்த வீட்டில் படுக்கையில் விழும் தாய் தகப்பனைப் புரட்டுவதும் மகளின் கையே. அந்த மகள்களில் பலர் குடும்பத்தின் வறுமையைப் போக்க மத்திய கிழக்கு நாடுகளுக்குப் பணிப்பெண்களாகப் போயினர். அங்கே வேறொருவரின் வயோதிபத் தாயைப் புரட்டிப் படுக்கவைக்கிறார்கள்; இங்கே தம் தாயைப் புரட்ட ஆளில்லை. வெளிநாட்டுக் காசு மருந்தை வாங்கித் தரும். இரவு இரண்டு மணிக்கு எழுந்து புரட்டும் கையை அது எளிதில் வாங்கித் தராது.

புலம்பெயர்ந்த வாசகர்களுக்கும் இது அந்நியமான விடயம் அன்று. லண்டனிலும் ரொறன்ரோவிலும் முதியோர் இல்லங்களில் இரவுக் கடமை செய்யும் எம்மவர்கள் எத்தனையோ பேர். பிரேடன் அளவுகோலை அவர்கள் நாள்தோறும் நிரப்புகிறார்கள். அந்த அறிவு ஊருக்குத் திரும்ப வேண்டும். பழைய சக்கர நாற்காலிகளைக் கொள்கலனில் அனுப்புவது நல்ல காரியம். அதனுடன், தமிழில் எழுதிய நான்கு பக்கக் கையேடும், ஊரில் இருக்கும் தாதியருக்கான பயிற்சிக்கு உதவியும் சேர்ந்தால் இன்னும் நல்லது.

முஸ்லிம் மரபில் முதல் தாதியாகப் போற்றப்படுபவர் மதீனாவின் றுபைதா. அகழ்ப்போரில் காயமுற்ற சஅத் இப்னு முஆத் அவர்களைப் பள்ளிவாசலருகே கூடாரத்தில் வைத்துப் பராமரித்தவர் அவர் என்று மரபு சொல்கிறது. குறளும் அந்த மரபும் ஒரே பணியைத்தான் உயர்த்திப் பேசுகின்றன. இரண்டையும் ஓதும் மக்கள் அருகருகே வாழும் இக்கரையில், அதைச் செய்வோரை நாம் எப்படி நடத்துகிறோம் என்பதே கேள்வி. இரவுக் கடமைக்கு ஒரு வாட்டில் ஒரு தாதியை நிறுத்திவிட்டு, நாற்பது பேரையும் புரட்டவில்லை என்று அவரைக் குறைகூறுவது நியாயமாகாது. நைற்றிங்கேல் சொன்ன பழியை அவர்மீது சுமத்துபவர்கள், ஆளணியையும் மெத்தையையும் பயிற்சியையும் முடிவெடுக்கும் உரிமையையும் அவருக்குக் கொடுத்தபின் சுமத்தட்டும்.

ஒவ்வொரு ஆதார வைத்தியசாலையிலும் புண் பராமரிப்பில் தேர்ந்த ஒரு தாதியேனும் இருக்க வேண்டும். வாட்டில் மட்டுமன்றி, ஊருக்குள் சென்று வீடுகளில் உள்ளோருக்குக் கற்பிப்பதும் அவருடைய கடமைநேரத்தில் அடங்க வேண்டும். வினாயகபுரத்து வீட்டுச் சுவரில் கரிக்கோடு இழுக்க ஓய்வுபெற்ற ஒரு தாதி தமது சொந்தக் காசில் பஸ் ஏறி வர வேண்டியிருந்தது. அந்த வேலை ஒருவரின் நல்ல மனத்தை மட்டும் நம்பியிருக்கக் கூடாது.